அலறாதவருக்குத்தான் அவசரம்

இங்கிலாந்தில் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்டால், அடிபட்டவருக்கு மூச்சு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். விபத்தைப் பார்த்துப் பதறி அழைத்தவருக்கு எரிச்சல்கூட வரும். கண்ணெதிரே ஒருவர் கால் முறிந்து அலறிக்கொண்டிருக்கிறார், இதென்ன கேள்வி? ஆனால் அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சத்தமில்லாமல் கிடப்பவர்தான் கேட்டால் ஒழியப் பேச்சில் வராதவர்.

2017 வரை அங்கே 8 நிமிடக் கணக்கு நடந்தது. உயிருக்கு ஆபத்து என்று குறித்த அழைப்புகளில் நூற்றுக்கு 75-க்காவது அதற்குள் யாராவது போய்ச் சேர வேண்டும். சூட்சுமம் அந்த ‘யாராவது’வில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு பணியாளர் போய் இறங்கினாலே கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்குக்கு, நோயாளியை ஏற்றிச்செல்லும் வண்டி எப்போது வந்தால் என்ன? ஏழாம் நிமிடம் ஆள் போயும் அடிபட்டவர் இறந்தால் ஏட்டில் வெற்றி. ஒன்பதாம் நிமிடம் போய் அவர் பிழைத்துக்கொண்டால் தோல்வி. ஆகவே என்ன நேர்ந்தது என்று தெரியும் முன்பே வண்டிகளைக் கிளப்பினார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று போகும். பாதி வழியில் திருப்பி அழைப்பார்கள்.

2017-இல் முறை மாறியது. மூச்சற்றவர் போன்றோர் முதல் வகை, அவர்களுக்கு உடனே வண்டி. மற்ற அழைப்புகளில் விசாரிக்க 240 விநாடி வரை அவகாசம். போய்ச் சேர வேண்டிய சராசரி நேரம் முதல் வகைக்கு 7 நிமிடம், அதற்கு அடுத்த அவசரமான இரண்டாம் வகைக்கு 18. நான்கு நிமிடம் கேள்வி கேட்பது கல்மனம்போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: படுகாயத்தைச் சிறு காயமாக எடைபோடும் தவறு நூற்றுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது, சிறு காயத்தைப் பெரிதாக எடைபோடும் தவறு 35 வரை போகலாம். நியாயமான பேரம்தான். முதல் தவறுக்கு ஒரு பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, விசாரணையும் வரும். தேவையில்லாமல் போன வண்டிக்காக வேறொரு தெருவில் காத்துக்கிடந்தவர் அந்தக் கோப்பில் வரமாட்டார்.

இங்கிலாந்தில் 2022 டிசம்பரில் இரண்டாம் வகை அழைப்புகளுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேள்விகளில் குறையில்லை. ஏற்றிவந்த நோயாளிகளை இறக்கப் படுக்கை இல்லாமல் வண்டிகள் மருத்துவமனை வாசல்களில் வரிசை கட்டி நின்றன. அடுத்த நிதியாண்டுக்கு அந்த வகையின் இலக்கை 30 நிமிடமாகத் தளர்த்தினார்கள். அந்த ஆண்டும் சராசரி அதைத் தாண்டியது.