பங்கிடுமுன் ஒளித்த மீன்



பரீட்சைக் காலம் நெருங்கினால் நம் கரையோர ஆலயங்களில் மெழுகுதிரிகள் கூடுகின்றன. தாய்மார் பிள்ளையின் பேனையைப் பீடத்தருகே வைத்து மன்றாடுகிறார்கள். தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அன்றிரவே, "நாளை வரப்போகும் வினாக்கள்" என்று ஒரு தாள் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்? இவ்வாரம் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

இது வெறும் கற்பனையல்ல. 2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலிருந்து சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. எழுதியவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். அவர்களுக்கு வயது பத்து. அதே ஆண்டின் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சையிலும் விவசாய விஞ்ஞான இரண்டாம் வினாத்தாள் வெளியாகி, பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் பரீட்சை நடத்த நேர்ந்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் கையில் இருக்கிறது. விசாரணை நடந்தது. வெளியான மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி என்று பரீட்சைத் திணைக்களம் தீர்மானித்தது. பெற்றோர் பலர் அதை ஏற்காமல் உயர்நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பளித்த நீதிமன்றம், நிபுணர் குழு முன்வைத்த வழிகளுள் பொருத்தமானதைக் கைக்கொள்ளுமாறு பணித்தது. பெறுபேறு வந்தபோது 2025 ஜனவரி ஆகிவிட்டது.

இலவசப் புள்ளி என்பதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வியர்வை சிந்திப் படித்துச் சரியாக எழுதியவனுக்கும், முன்னரே பார்த்து எழுதியவனுக்கும், ஒன்றும் எழுதாதவனுக்கும் ஒரே புள்ளி! மறுபடி பரீட்சை வைத்தாலோ, குற்றமற்ற பத்து வயதுப் பிள்ளை இரண்டாம் முறையும் அந்தப் பயத்தோடு மண்டபத்துக்குள் போகவேண்டும். எந்த வழியில் போனாலும் நேர்மையான பிள்ளைக்கே நட்டம். பெரியவர்கள் செய்த களவுக்குச் சிறியவர்கள் வட்டி கட்டுகிறார்கள்.

ஆம், களவு என்றே சொல்கிறேன். "பிள்ளை ஒரு புள்ளி கூட எடுத்தால் அரசாங்கத்துக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் கரைவலைக்காரருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. எல்லாரும் சேர்ந்து வலை இழுக்கிறார்கள். பங்கு பிரிக்குமுன் ஒருவன் ஒரு கூடை மீனை மணலுக்குள் மறைத்துவிட்டால், அது யாருடைய மீன்? கடலுடையதா? இல்லை. பக்கத்தில் நின்று கயிறு இழுத்தவனுடைய பங்கு!

பரீட்சையும் அப்படித்தான். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழி மூலத்துக்கு மொழி மூலம் தனித்தனியே வகுக்கப்படுகிறது. பல்கலைக்கழகத்திலும் பல துறைகளில் 55 வீதமான இடங்கள் மாவட்ட அடிப்படையிலேயே வழங்கப்படுகின்றன. கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 வீதத்திலும் புத்தளத்துக்குப் பங்குண்டு. ஆகவே புத்தளத்தில் களவாக எடுத்த புள்ளி கொழும்புப் பிள்ளையை வீழ்த்துவதைவிட, முந்தலிலோ குறிஞ்சிப்பிட்டியிலோ விளக்கடியில் படித்த பிள்ளையைத்தான் முதலில் வீழ்த்தும். உங்களோடு ஒரே வாங்கில் முழந்தாளிட்டுத் திருப்பலி காணும் தாயின் பிள்ளையாகவும் அது இருக்கலாம்.

"சாமி, கடலை நம்பிப் பிழைக்கமுடியாது. பிள்ளையாவது கரை சேரட்டும். எல்லாரும் செய்கிறார்களே" என்று ஒரு தந்தை சொல்லக்கூடும். அவருடைய கவலை பொய்யல்ல. அதை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் தந்தையே, உம் பிள்ளையைவிட ஏழையான பிள்ளைக்கு அந்தத் தாளை வாங்கக் காசு இருக்குமா? வினாத்தாள் விற்பனைக்கு வந்தால் முதலில் தோற்பவன் ஏழைதான். ஏழைக்கு இருக்கும் ஒரே நியாயமான தராசு இந்தப் பரீட்சை. அதையும் நாமே சாய்க்கலாமா?

இன்னும் ஒன்று. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவசங்கீர்த்தனம் நிறைவாகாது என்பது நாம் சிறுவயதில் படித்த ஞானோபதேசம். சக்கேயு நாலு மடங்காகக் கொடுக்க முன்வந்தான். பணமானால் கொடுத்துவிடலாம். அயலவன் பிள்ளை இழந்த பாடசாலையை, பல்கலைக்கழக இடத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வீர்கள்? திருப்பிக் கொடுக்கமுடியாத களவு இது. சின்னஞ்சிறுவரைப் பாவத்தில் விழுத்துகிறவனைப் பற்றி, கழுத்தில் கல்லோடு கடலில் அமிழ்வது அவனுக்கு மேல் என்று ஆண்டவர் எச்சரித்தார். கடலின் ஆழம் அறிந்த நமக்கு அந்த வார்த்தையின் பாரம் தெரியும்.

ஆகவே, பெற்றோரே, அப்படி ஒரு தாள் வந்தால் பிள்ளைக்குக் காட்டாதீர்கள், பிறருக்கு அனுப்பாதீர்கள், பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு அறிவியுங்கள். உங்கள் பிள்ளைக்குப் படிப்பிக்கும் ஆசிரியரே தந்தாலும் அப்படியே செய்யுங்கள். அதற்கும் முன்பாக இன்றிரவே பிள்ளையை அருகில் இருத்தி, "மகன், மகள், நீ எத்தனை புள்ளி எடுத்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு, அன்பு உண்டு" என்று சொல்லுங்கள். தோல்விக்குப் பயந்த பிள்ளையே களவுக்குக் கை நீட்டுகிறது.

புனித அன்னம்மாள் தம் மகள் மரியாளுக்கு ஏட்டைக் காட்டிப் படிப்பிக்கும் படம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. தாய் விரலால் எழுத்தைச் சுட்டுகிறாள். மகள் தானே வாசிக்கிறாள். விடையை அந்தத் தாய் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் படத்தின்முன் நின்று, நம் பிள்ளைகள் நிறையப் புள்ளி எடுக்க மட்டுமல்ல, எடுத்த புள்ளி அவர்களுடையதாகவே இருக்கவும் மன்றாடுவோமாக. ஆமென்.