பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர்

பிறையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் போன வருஷம் ஒரு பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் வாய் விரிந்துவிட்டது. பம்ப்பின் அடி நட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இழுக்க இடமில்லை, தள்ளினார். ஸ்பானர் வழுக்கி, கை ஃபிளான்ஜில் போய் மோதியது. நடுவிரல் முறிவு. ஆறு வாரம் எம்சி.

அறிக்கை எழுதியவன் நான். காரணம் என்ற கட்டத்தில் 'கருவியைத் தவறாகப் பயன்படுத்தியது' என்று போட்டேன். பொய் இல்லை. இறுகிப்போன நட்டுக்கு ரிங் ஸ்பானர்தான் போடணும், அவர் போட்டது ஓப்பன். ஆனால் மலிவாகக் கிடைத்த அந்த செட்டை வாங்கக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

அதே பெட்டி வகையில் இன்னொரு பத்தொன்பது இருந்தது. இரண்டையும் கடினத்தன்மை சோதித்தேன். நல்லது ராக்வெல் சி அளவில் 44. வாய் விரிந்தது 31. இரண்டின் மேலும் 'குரோம் வனேடியம்' என்றுதான் பொறித்திருந்தது. அந்த முத்திரை எஃகு என்ன வகை என்று மட்டும் சொல்லும். அதைச் சரியாகச் சூடாக்கிக் குளிர்வித்தார்களா, பிறகு மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினார்களா என்று சொல்லாது. கடினம் கூடினால் உடையும், குறைந்தால் விரியும்.

அப்பாவிடம் சொன்னேன். எஸ்டேட் ஒர்க்‌ஷாப் காலத்து ஸ்பானர் ஒன்று அவரிடம் இருக்கிறது, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். "அந்தக் காலத்துப் பொருள்டா" என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்திலும் உடைந்திருக்கும். உடைந்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும், உடையாததுதான் பூஜைக்கு வந்திருக்கு.

எல்லாமே மட்டம் என்றால் கை தானாகவே பார்த்து அழுத்தும். ஒரே பெட்டியில் ஒன்று நல்லது, ஒன்று சொத்தை என்றால் கை எதை நம்பும்?

நியூசிலாந்துத் தத்துவவாதி அன்னெட் பையர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், நம்புவதையும் வெறுமனே சார்ந்திருப்பதையும் பிரிக்கிறார். சார்ந்திருந்தது கைவிட்டால் ஏமாற்றம்தான். நம்பியவர் கைவிட்டால் அது துரோகம். படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஸ்பானர் துரோகம் செய்யாதே! அப்புறம்தான் உறைத்தது, அண்ணன் ஸ்பானரை மட்டும் நம்பவில்லை. 'ஆபீஸ்ல பார்த்துத்தானே வாங்கியிருப்பாங்க' என்று நம்பியிருக்கிறார். நான் விலையை மட்டும்தான் பார்த்தேன்.

அறிக்கையைத் திருத்தினேன். கொள்முதல் தவறு என்று எழுதி என் பெயரையும் போட்டேன். அதுக்கு மூணு வாரம் ஆச்சு. சோதனை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அண்ணன் திரும்பி வந்தபோது புது செட் மேசையில் இருந்தது. "இந்தத் தடவை சோதிச்சுட்டேன்ணே" என்றேன்.

"சரி தம்பி" என்றார். அரத்தை எடுத்து, ஒவ்வொரு ஸ்பானர் வாயிலும் ஒரு இழுப்பு இழுத்து, அரம் எவ்வளவு கடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் பெட்டியில் போட்டார்.