வெள்ளெழுத்தும் விவேகமும்

நாற்பது வயதைக் கடந்த சாதகர் ஒருவர் பாராயண நூலைக் கையில் எடுக்கிறார். எழுத்துகள் கலங்குகின்றன, நூலைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெளிகின்றன. தலை நிமிர்ந்து சன்னிதியை நோக்கினால், திருவுருவம் துலங்கச் சிறிது நேரம் ஆகிறது. மீண்டும் நூலுக்குத் திரும்பும்போதும் அவ்வாறே. 'முதுமை வந்துவிட்டதே!' என்று அவர் உள்ளம் கலங்குகிறது.

நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று அழைத்தது இதைத்தான். விழியினுள் இருக்கும் வில்லை உருமாறுவதாலேயே நாம் தொலைவையும் அண்மையையும் மாறி மாறிக் காண முடிகிறது என்பதை 1801-இல் தாமஸ் யங் நிறுவினார். அதன் இயக்கத்தை 1855-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். வில்லையைச் சூழ்ந்த தசை சுருங்கும்போது, அதை இழுத்துப் பிடித்துள்ள நுண்ணிழைகள் தளர்கின்றன, வில்லை குவிகிறது, அருகிலுள்ள பொருள் தெளிகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 செ.மீ. தொலைவில் உள்ளதையும் தெளிவாகக் காண்பான். ஆண்டுகள் செல்லச் செல்ல வில்லை இறுகுகிறது. தசை முயன்றாலும் அது இசைவதில்லை. அறுபது வயதில் அத்தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டராகிவிடுகிறது. இது நோயன்று, உடல் எடுத்த அனைவருக்கும் பொதுவான நியதி.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கண் மந்தமாகிவிட்டது என்பதை அறிந்தது யார்? கண் தன்னைத் தானே காண்பதில்லை, மனமே அறிந்தது. 'திருக்-திருசிய விவேகம்' என்னும் வேதாந்த நூல் இவ்வழியேதான் நம்மை அழைத்துச் செல்கிறது. பொருளைக் காணும் கண், மனத்தால் காணப்படுவதாகிறது. அந்த மனமும் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அதன் தெளிவையும் மயக்கத்தையும், நினைவையும் மறதியையும் அறிந்துகொண்டு, தான் மாறாமல் விளங்குகிறது சாட்சியாகிய ஆன்மா. கண்ணுக்கு வயதாகிறது, காண்பவனுக்கு வயதில்லை.

இதனால் உடலைப் புறக்கணிக்கலாம் என்பது பொருளன்று. நாற்பதுக்குப் பின் கண் மருத்துவரிடம் சோதித்துக்கொள்வதும், மூக்குக் கண்ணாடியைக் கூச்சமின்றி அணிவதும் அறிவுடைமையே. வீட்டிலுள்ள முதியவரிடம் எதையேனும் படிக்கக் கொடுத்துவிட்டு, அவருடைய விழி இசையும்வரை பொறுத்திருப்பது இளையோர் செய்யத்தக்க எளிய சேவை.

வேறோர் இறுக்கத்தைப் பற்றித்தான் நாம் அஞ்ச வேண்டும். விழிவில்லை நம்மைக் கேட்டு இறுகுவதில்லை. ஆனால் பழைய மனத்தாங்கல்களிலும், 'நான் சொன்னதே சரி' என்ற பிடிவாதத்திலும் மனம் இறுகுவது நம் சம்மதத்துடன்தான் நிகழ்கிறது. அச்சம்மதத்தை மறுக்க எந்த வயதிலும் நமக்கு உரிமை உண்டு. தினமும் சிறிது நேரம் புறத்திலிருந்து அகத்திற்குப் பார்வையைத் திருப்பிப் பழகுவோம். அப்பழக்கத்திற்கு வெள்ளெழுத்து ஒருபோதும் தடையாகாது.