ஷாம் தேசம் வரை சென்ற தேடல்

எல்லாப் புகழும் நம்மைப் படைத்து, நேர்வழியின் பக்கம் அழைக்கின்ற அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய அனைவர் மீதும் உண்டாவதாக.



சில வருடங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாலிபர் என்னைப் பார்க்க வந்தார். முஸ்லிம் அல்ல, நன்கு படித்தவர். "ஐயா, கடவுள் ஒருவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யூத மதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றுமே ஆபிரகாமிடம் போய்ச் சேர்கின்றன. நான் எந்த வாசல் வழியாக உள்ளே போவது?" என்று கேட்டார்.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். மற்ற இரண்டிலும் என்னென்ன குறை என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் முஸ்லிம் குடும்பத்தில் பிறக்காமல் இருந்திருந்தால், இதைத் தேடி வந்திருப்பீர்களா ஐயா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை.

அன்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரு மனிதரின் வரலாற்றில் இருக்கிறது. இதே மூன்று வாசல்களுக்கு முன்னால் நின்றவர் அவர். ஸஹீஹுல் புகாரியில் அவருடைய பெயரில் தனிப் பாடமே இருக்கிறது. அவர்தான் ஜைத் பின் அம்ர் பின் நுஃபைல்.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ வருவதற்கு முந்தைய மக்கா. குறைஷிகள் ஒரு சிலையைச் சுற்றிக் கூடித் திருவிழா கொண்டாடிக் கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து நான்கு பேர் ஒதுங்கிச் சென்று இரகசியமாகப் பேசிக்கொண்டதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். வரக்கா பின் நவ்ஃபல், உபைதுல்லாஹ் பின் ஜஹ்ஷ், உஸ்மான் பின் அல்ஹுவைரிஸ், ஜைத் பின் அம்ர். கேட்காத, பார்க்காத கல்லை நம் மக்கள் சுற்றி வருகிறார்கள், இப்ராஹீமின் மார்க்கம் தொலைந்துவிட்டது, நாமாவது தேடுவோம் என்பதுதான் அவர்கள் எடுத்த முடிவு.

ஜைத் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டார். இன்றுபோல் நான்கு புத்தகத்தை வரவழைத்து வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் அல்ல. பாலைவனத்தில் பல வாரப் பயணம். அங்கே ஒரு யூத அறிஞரைச் சந்தித்து, உங்கள் மார்க்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள், நான் அதில் சேரலாம் என்று இருக்கிறேன் என்றார்.

அந்த அறிஞர் தம் மார்க்கத்தின் பெருமையைப் பேசவில்லை. எங்களோடு சேர்ந்தால் அல்லாஹ்வின் கோபத்தில் உமக்குரிய பங்கையும் சுமக்க வேண்டியிருக்கும் என்றார். ஜைத் அதிர்ந்துபோனார். அல்லாஹ்வின் கோபத்திலிருந்து தப்பிக்கத்தானே நான் ஓடி வருகிறேன், அதை எப்படிச் சுமப்பேன், வேறு வழி காட்டுங்கள் என்று கேட்டார். ஹனீஃபாக இருப்பதைத் தவிர வேறு எனக்குத் தெரியவில்லை என்றார் அறிஞர். ஹனீஃப் என்றால் என்ன? இப்ராஹீமின் மார்க்கம், அவர் யூதரும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல, அல்லாஹ்வைத் தவிர எவரையும் வணங்கியதில்லை என்று விளக்கினார்.

ஜைத் அடுத்து ஒரு கிறிஸ்தவ அறிஞரிடம் போனார். அவர் அல்லாஹ்வின் சாபத்தில் ஒரு பங்கு என்றார். ஜைத் மீண்டும் அதையே சொன்னார். அவரும் இப்ராஹீமின் பக்கமே கை காட்டினார். ஜைத் வெளியே வந்து இரு கைகளையும் உயர்த்தி, தாம் இப்ராஹீமின் மார்க்கத்தில் இருப்பதற்கு அல்லாஹ்வையே சாட்சியாக்கினார்.

இந்த ஹதீஸைக் கேட்டவுடன் நம்மில் சிலருக்கு ஒரு சந்தோஷம் வரும்: பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று. சகோதரர்களே, இதை அடுத்த வீட்டுக்காரரை அடிக்கும் தடியாக எடுக்காதீர்கள். வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்று ஆல இம்ரான் அத்தியாயத்தின் 113வது வசனமே நமக்குச் சொல்கிறது. அந்த இரண்டு அறிஞர்களையும் நினைத்துப் பாருங்கள். தேடி வந்த ஒருவரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது. இழுக்கவில்லை. தமக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார்கள். தம் பக்கத்துக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொன்னார்கள். வழி கேட்டு வந்தவருக்கு அவர்கள் துரோகம் செய்யவில்லை. அந்த அமானிதம் என்னிடம் அன்று இருந்ததா என்று நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அன்பானவர்களே! அப்படியானால் மூன்றும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாமா? அப்படி மழுப்புவதும் தேடி வந்தவருக்குச் செய்யும் மோசடிதான். ஏனென்றால் மூன்றும் ஒன்றைச் சொல்லவில்லை.

யூதர்கள் இறைவன் ஒருவன் என்பதில் உறுதியானவர்கள். மூஸா (அலை) அவர்கள் வழியாக வந்த சட்டத்தையும், இஸ்ராயீலின் சந்ததியோடு இறைவன் செய்த உடன்படிக்கையையும் மையமாக வைத்து வாழ்கிறார்கள். ஈஸா (அலை) அவர்களையும் முஹம்மது (ஸல்) அவர்களையும் நபிமார்களாக ஏற்பதில்லை. கிறிஸ்தவர்கள், ஈஸாவில் இறைவனே மனிதனாக வந்தான் என்றும், சிலுவையில் அவர் மரணித்ததால் மனித குலம் மீட்கப்பட்டது என்றும் நம்புகிறார்கள். மூஸாவையும் ஈஸாவையும் ஏற்காமல் ஒருவர் முஸ்லிமாக இருக்கவே முடியாது என்கிறோம் நாம். ஆனால் அவர்கள் இருவரும் அடியார்கள், தூதர்கள். அல்லாஹ்வுக்கு மகன் இல்லை. ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை. தூதுத்துவம் முஹம்மது (ஸல்) அவர்களோடு நிறைவடைந்தது என்கிறோம்.

ஜைத் இவற்றை எதை வைத்து நிறுத்துப் பார்த்தார்? எந்தக் கூட்டத்தில் நல்லவர்கள் அதிகம் என்று எண்ணவில்லை. அப்படி எண்ணினால் மூன்றிலும் நல்லவர்களும் இருப்பார்கள், மூன்றிலும் வெட்கப்பட வேண்டியவர்களும் இருப்பார்கள். எது சுலபம் என்றும் பார்க்கவில்லை. இப்ராஹீம் யாரை வணங்கினார், எப்படி வணங்கினார் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். தவ்ராத்தும் இன்ஜீலும் இப்ராஹீமுக்குப் பிறகு வந்தவைதானே என்று ஆல இம்ரானின் 65வது வசனம் கேட்கிறது. கிளைகளுக்கு இடையில் தடுமாறுகிறவனை வேருக்கு அழைத்துப் போகும் கேள்வி அது. நாம் இஸ்லாத்தின் பக்கம் ஒருவரை அழைப்பதும் இந்த வேரின் பக்கம் அழைப்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜைத் சென்ற இரண்டு இடங்களிலும் முதலில் பேசப்பட்டது சுமை. தம் மார்க்கத்தில் சேர வருபவரிடம் அதன் கஷ்டங்களை முதலிலேயே எடுத்துச் சொல்லி, தெரிந்துதான் வருகிறீரா என்று கேட்பது யூத மரபில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நம் வரலாற்றிலும் இது உண்டு. இரண்டாம் அகபா உடன்படிக்கையின் இரவில் மதீனாவாசிகள் நபி (ஸல்) அவர்களின் கையைப் பிடிக்கப் போனபோது, அப்பாஸ் பின் உபாதா (ரழி) எழுந்து, இவரிடம் எதற்கு வாக்குக் கொடுக்கிறோம் என்று புரிகிறதா, செல்வம் அழியும், தலைவர்கள் கொல்லப்படுவார்கள், அப்போது கைவிடுவதாக இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள் என்று தம் மக்களை எச்சரித்தார். அதைக் கேட்ட பிறகும் நீட்டிய கைகள்தான் மதீனாவைக் கட்டின.

நாமோ, வருகிறவரிடம் இனிப்பை மட்டும் காட்டுகிறோம். ஐந்து வேளைத் தொழுகை, ஹலால் ஹராம், குடும்பத்தில் வரப்போகும் புயல், தாயின் கண்ணீர் இவற்றைப் பேசுவதில்லை. பிறகு அவர் தனியாகத் தவிக்கும்போது நாம் அருகில் இருப்பதும் இல்லை.

சரி, ஜைத் மக்காவுக்குத் திரும்பினார். அவர் கையில் வேதம் இல்லை. வழிகாட்ட நபி இல்லை. தொழும் முறை தெரியாது. உன்னை எப்படி வணங்கினால் உனக்குப் பிரியம் என்று தெரிந்தால் அப்படியே வணங்குவேன், எனக்குத் தெரியவில்லையே என்று அல்லாஹ்விடம் முறையிட்டுவிட்டு, தம் உள்ளங்கையின் மீது நெற்றியை வைத்து ஸுஜூது செய்வாராம்.

தெரியாததற்காக அழுதார். தெரிந்ததைச் செய்யாமல் விடவில்லை. சிலைகளுக்காக அறுக்கப்பட்டதைச் சாப்பிட மறுத்தார். ஆட்டைப் படைத்தவன் அல்லாஹ், அதற்கு மழையை இறக்கிப் புல்லை முளைக்க வைத்தவனும் அவன், அறுப்பது மட்டும் வேறொருவர் பெயரிலா என்று குறைஷிகளைக் கேட்டார். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரழி) அவர்கள் தாம் நேரில் கண்டதை அறிவிக்கிறார்கள்: ஜைத் கஅபாவில் முதுகைச் சாய்த்து நின்று, குறைஷிகளே, என்னைத் தவிர உங்களில் எவரும் இப்ராஹீமின் மார்க்கத்தில் இல்லை என்று சொல்வார். பெண் குழந்தையை உயிரோடு புதைக்கப் போகும் தகப்பனிடம் போய், கொல்லாதே, இவளுடைய செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்து வளர்ப்பார். அவள் வளர்ந்ததும் தகப்பனிடம் போய், விரும்பினால் அழைத்துப் போ, இல்லாவிட்டால் நானே தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்பார்.

சகோதரர்களே! உண்மையைத் தேடுகிறேன் என்று சொல்கிறவர், தேடல் முடியட்டும், பிறகு நல்லவனாக வாழ்கிறேன் என்று சொல்ல முடியாது. ஜைத் பாதி வழியில் நின்றுகொண்டே குழந்தைகளைக் காப்பாற்றினார்.

அதற்கு விலையும் கொடுத்தார். அவருடைய தந்தையின் சகோதரர் கத்தாப், உமர் (ரழி) அவர்களின் தகப்பனார், அவரை மக்காவுக்கு வெளியே விரட்டி, உள்ளே நுழைய விடாமல் தடுக்க வாலிபர்களை ஏவினார். நபித்துவத்தின் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஜைத் மரணித்துவிட்டார். தேடியதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய மகன் ஸயீத் பின் ஜைத் (ரழி), சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரானார். உமர் (ரழி) இஸ்லாத்துக்கு வந்த பிரபலமான சம்பவத்தில், கோபத்தோடு அவர் நுழைந்ததும் மனம் மாறி வெளியேறியதும் அந்த ஸயீதின் வீட்டில்தான். ஜைதை விரட்டியவரின் மகனுக்கு, ஜைதுடைய மகனின் வீட்டில் ஹிதாயத் கிடைத்தது. பிறகு ஸயீதும் உமரும் ஜைதுக்காகப் பாவமன்னிப்புத் தேடலாமா என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அனுமதித்து, மறுமையில் அவர் தனியொரு சமுதாயமாக எழுப்பப்படுவார் என்று கூறியதாக அறிவிப்பு உள்ளது.

மற்ற மூவர் என்ன ஆனார்கள்? வரக்கா கிறிஸ்தவரானார், முதல் வஹீ வந்தபோது, மூஸாவிடம் வந்த அதே வானவர்தான் உம்மிடமும் வந்தார் என்று நபி (ஸல்) அவர்களுக்குத் தைரியம் சொன்னவர் அவர்தான். உஸ்மான் பின் அல்ஹுவைரிஸ் ரோமப் பேரரசரிடம் போய்க் கிறிஸ்தவராகி அங்கே அந்தஸ்து பெற்றார். உபைதுல்லாஹ் இஸ்லாத்தை ஏற்று, அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத்தும் செய்து, அங்கே கிறிஸ்தவராகி மரணித்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். நான்கு பேரும் ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள். உள்ளே வந்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கும் நமக்கு இதில் பயம் இருக்கிறது. வெளியே நிற்பவரைப் பார்த்து, இவர் வரவே மாட்டார் என்று முடிவு கட்டும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நம் பொறுப்பு நேர்மையாகச் சொல்வது.

நல்லடியார்களே! நாளை ஒருவர் இந்தக் கேள்வியோடு உங்கள் கடைக்கோ, அலுவலகத்துக்கோ, வீட்டுக்கோ வரலாம். முதலில் அவர் பேசுவதைக் கேளுங்கள். மற்ற மார்க்கத்தார் நம்புவதை, அவர்களே கேட்டாலும் சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லுங்கள். தவ்ஹீதை மறைக்காமல் சொல்லுங்கள். சுமையையும் சொல்லுங்கள். அவகாசம் கொடுங்கள், மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது அல்லாஹ் வகுத்த விதி. அவர் எந்த முடிவெடுத்தாலும் சலாமும் சிரிப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு தேடுபவராகவே நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களைப் பார்த்து இஸ்லாத்தை அளக்காதீர்கள். குர்ஆனை எடுத்து நீங்களே வாசியுங்கள். ஜைதைப் போல, உண்மையைக் காட்டு என்று படைத்தவனிடமே கேளுங்கள். அதற்கு எந்த மொழியும் போதும். இன்று தெரிந்த நன்மையை இன்றே செய்யுங்கள்.

அந்த வாலிபரின் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. பிறக்காமல் இருந்திருந்தால் தேடி வந்திருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. அந்த மறைவான விஷயம் அல்லாஹ்வுக்கே தெரியும். ஆனால் பிறந்ததால் கிடைத்ததை, தேடிக் கண்டெடுத்தவனைப் போல் மதிக்கிறேனா என்று ஒவ்வொரு ஃபஜ்ரிலும் என்னைக் கேட்டுப் பார்க்க முடியும். முறை தெரியாமல் ஒருவர் உள்ளங்கையில் நெற்றியை வைத்து அழுதார். முறை தெரிந்த நாம், பாங்கு சத்தம் கேட்டும் போர்வையை இழுத்துக்கொள்கிறோம்.

யா அல்லாஹ்! கேட்காமலே எங்களுக்கு ஈமானைத் தந்தாய். அதன் மதிப்பை உணரும் உள்ளத்தையும் தந்தருள்வாயாக. உன்னைத் தேடி அலையும் ஒவ்வொரு அடியாருக்கும் வழியைத் திறந்துவிடுவாயாக. அவர்களுக்கும் உனக்கும் இடையில் எங்கள் குணத்தைத் தடையாக ஆக்கிவிடாதே. எங்களை ஈமானோடு வாழவைத்து, ஈமானோடு மரணிக்கச் செய்வாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.