புகழும் மறுப்பும்

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை இரண்டாம் முறை வாசித்தது, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போன படகில். ஆனித் திருவிழாக் காலம். எதிரே ஒரு நாதசுரக்காரர், துணியுறையிட்ட வாத்தியத்தை மடியில் வைத்திருந்தார்.

கும்பகோணத்தில் ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்கும் பாபு மேடைக்கு அவசரப்படுவதில்லை. குரல் இன்னும் பழுக்க வேண்டும் என்கிறான். இளவயதில் இதை என் கதையாகவே நினைத்தேன். நானும் ஏழு வருடம் எழுதிய கவிதைகளை அச்சுக்குக் கொடுக்கவில்லை. முகஸ்துதிக்கு அஞ்சுகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதே முகஸ்துதி என்பது அன்று உறைக்கவில்லை.

புகழை நாடுவது போலவே அதை மறுப்பதும் பிறர் கண்ணுக்காக இருக்கலாம். நிய்யத்தை எதைக்கொண்டு அறிவது? அடுத்து என்ன செய்கிறோம் என்பதைக்கொண்டுதான். பாபு மேலும் கற்கப் போனான். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஷேக் சின்ன மௌலானா சங்கீத கலாநிதி பெற்றது 1998ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. அதுவரை நாதசுரம் காத்திருக்கவில்லை, ஒலித்துக்கொண்டிருந்தது. கோயில் வீதியில் சனத்தின் கண்கள் சுவாமிமேல். வாசிப்பவருக்குக் கிடைப்பது செவிகள் மட்டும். அது போதும் என்றிருப்பவருக்கு மேடை பகையல்ல.

வீடு திரும்பியதும் கவிதைக் கட்டை அவிழ்த்தேன். முதலாவதிலேயே மூன்று வரிகள் பொய். அவற்றை அடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.