இரவல் குட்டியும் காலி விமானமும்



பாடுகளின் வாசகம் நீளமானது. நின்றபடியே கேட்டிருக்கிறீர்கள். முன்வரிசைப் பிள்ளைகள் அதற்குள் குருத்தோலையைக் கிழித்துச் சிலுவை முடையத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் முடைந்து முடிப்பதற்குள் நானும் முடிக்கப் பார்க்கிறேன்.

பவனி தொடங்கும்முன் வாசித்த மாற்கு நற்செய்தியில், நாம் சாதாரணமாகத் தாண்டிவிடுகிற ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. கட்டியிருக்கும் கழுதைக்குட்டியை அவிழ்த்து வரும்படி இயேசு இரண்டு சீடர்களை அனுப்புகிறார். யாராவது கேட்டால் ஆண்டவருக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கூடவே, சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவார் என்றும் சொல்ல வேண்டும். அரசராக நகருக்குள் நுழையப் போகிறவர், ஏறுவதற்கு முன்பே வாகனத்தைத் திருப்பித் தருவதைப் பற்றி யோசித்திருக்கிறார்.

நம் பேச்சில் கடன் வேறு, கைமாற்று வேறு, இரவல் வேறு. கடனுக்கு வட்டி உண்டு. கைமாற்று வாங்கினால் அதே தொகையைத் தந்தால் போதும், அதே நோட்டைத் தேட வேண்டாம். இரவல் அப்படியில்லை. எடுத்த பொருளே எடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் தரக்கூடாது என்று அடியில் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுக்கிற அம்மாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரவலைப் பற்றி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானம் பழுதுபார்க்கிறார், பெரும்பாலும் இரவு ஷிப்ட். வீடு மந்திரிக்கப் போனபோது, "விமானத்துல இருக்கிறது எல்லாமே அந்தக் கம்பெனியோட சொந்தச் சாமான்னு நினைக்காதீங்க ஃபாதர்" என்றார்.

ஒரு விமானம் வெளியூரில் இறங்குகிறது. ஏதோ ஒரு பாகம் வேலை செய்யவில்லை. அந்த நிறுவனத்துக்கு அந்த ஊரில் ஸ்டோர் கிடையாது. விமானம் தரையிலேயே நிற்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஏஓஜி. அந்த மூன்று எழுத்து காதில் விழுந்தால் சாப்பிட்ட கையோடு ஓடுவார்களாம். அப்போது பக்கத்து நிறுவனத்திடம் கேட்கிறார்கள். பகலெல்லாம் டிக்கெட் விலையில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்கிறவர்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் ஸ்டோரை மற்றவருக்குத் திறந்துவிடுகிறார். சும்மா இல்லை, வாடகை உண்டு. ஊருக்கு ஊர் எல்லாரும் எல்லாச் சாமானையும் வாங்கி அடுக்கக் கட்டுப்படியாகாது. நீ இங்கே சக்கரம் வை, நான் அங்கே ஸ்டார்ட்டர் வைக்கிறேன் என்று உலக விமான நிறுவனங்கள் 1948-லிருந்தே இதற்காக ஒரு கூட்டமைப்பு நடத்துகின்றன.

சில நேரம் இரவல் கொடுப்பது ஹேங்கரில் பெரிய பராமரிப்புக்கு நிற்கிற சொந்த விமானம். அதிலிருந்து கழற்றி இதில் மாட்டுவார்கள். கழற்றிய இடத்தில் ஒரு அட்டை தொங்கும். என்ன எடுத்தோம், எந்த எண், என்றைக்கு, எந்த விமானத்துக்குப் போனது என்று அதில் எழுதியிருக்கும். இதைச் சொல்லும்போது அவர், மேசையில் கிடந்த மகளின் பள்ளி அடையாள அட்டையைக் கயிற்றோடு தூக்கிப் பிடித்து, "இதே மாதிரிதான் ஃபாதர்" என்று ஆட்டிக் காட்டினார். பாகத்தோடு அதன் காகிதமும் கூடவே போக வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது பழைய இரும்புதானாம்.

அவர் பேசப் பேச எனக்கு அரசர்கள் இரண்டாம் நூல் ஞாபகம் வந்தது. எலிசாவோடு இருந்த ஒருவர் யோர்தான் கரையில் மரம் வெட்டும்போது கோடரித் தலை கழன்று தண்ணீருக்குள் போய்விடுகிறது. ஐயோ என்று அலறுகிறார். எதற்கு அலறுகிறார் என்று பாருங்கள்: அது இரவல். ஒரு ஏழையின் இரவல் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகக் கடவுள் இரும்பை மிதக்க வைக்கிறார். செங்கடல் பிளந்தது பெரிய புதுமைதான். எனக்கு இந்தச் சின்னப் புதுமைதான் பிடிக்கும்.

இரண்டாம் வாசகத்துக்கு வருகிறேன். கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். வெறுமை நமக்குப் பிடிக்காத சொல். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகமாட்டோம். காலிக் குடம் எதிரே வந்தால், ஞானஸ்நானம் வாங்கிய நமக்கே கால் ஒரு நொடி தயங்குகிறது. ஆனால் காலியாகப் போவதற்கு அர்த்தம் உண்டு என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு இங்கே யாருக்கும் மறக்காது. நம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் இறங்கியது. திறந்தது சரியா, தாமதமா என்ற வழக்கை நான் பீடத்தில் நின்று தீர்க்கப் போவதில்லை. அந்த ஆறு திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று போகிற வழியில்தான் விமான நிலையம் இருக்கிறது. அதன் இரண்டாவது ஓடுபாதை ஆற்றுக்கு மேலேயே பாலம் போட்டுப் போகிறது. ஓடுபாதைக்குள் தண்ணீர் வந்தது, நிலையத்தை மூடினார்கள், விமானங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அரக்கோணத்தில் கடற்படை தன் ராஜாளி தளத்தைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. ஓடுபாதையே இரவல்! மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். சீமோன் படகைக் கொடுத்த வம்சம் அல்லவா.

டிசம்பர் 5, சனிக்கிழமை பகலில் மீனம்பாக்கம் ஓடுபாதை திறந்தது. ஆனால் பயணிகளை ஏற்றவில்லை. சிக்கியிருந்த விமானங்களைக் காலியாக எடுத்துப் போக மட்டும் அனுமதி. அவர்கள் அதை ஃபெர்ரி என்பார்கள். பயணிகள் விமானம் மறுநாள் ஞாயிறுதான். டிக்கெட்டோடு காத்திருந்த ஒருவர் அன்றைக்கு வானத்தைப் பார்த்திருந்தால் வயிறு எரிந்திருக்கும். இத்தனை சீட் சும்மா போகிறதே! ஆனால் அந்த விமானம் வேறொரு ஊரில் போய் நின்றால்தான் அங்கே காத்திருப்பவர்கள் ஏற முடியும்.

இப்படித்தான், 1990-இல் போரினால் குவைத்தில் சிக்கிய நம் மக்களை ஏர் இந்தியா அம்மான் நகரத்திலிருந்து 59 நாட்களில் 488 முறை பறந்து கூட்டிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். திரும்பும்போது பிதுங்கி வழிந்த அந்த விமானங்களில், போகும்போது ஏற எத்தனை பேர் வரிசையில் நின்றிருப்பார்கள்? இன்றைக்கும் சில சமயம் சீருடையோடு ஒரு விமானி பயணி சீட்டில் தூங்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பயப்படாதீர்கள். வேறு ஊரிலிருந்து வேறு விமானத்தை ஓட்டக் கொண்டுபோகிறார்கள்.

காலியாகப் பறப்பதில் இன்னொரு வகையும் உண்டு. 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் கொரோனாவுக்குப் பயந்து மக்கள் பயணத்தை ரத்து செய்தார்கள். ஆனாலும் சில விமானங்கள் ஏறக்குறையக் காலியாகவே பறந்தன. நெரிசலான நிலையங்களில் ஒதுக்கப்பட்ட நேரங்களில் 80 சதவீதத்தையாவது பயன்படுத்தாவிட்டால் அடுத்த பருவத்தில் அது வேறொருவருக்குப் போய்விடும் என்பது விதி. இடம் கைவிட்டுப் போகக்கூடாதே என்று எரிபொருளை எரித்தார்கள். அந்த மாத முடிவுக்குள் ஐரோப்பிய ஒன்றியம் அந்த விதியை நிறுத்திவைத்தது.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்று தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் காலியாகப் பறந்தது. மற்றது யாரையோ ஏற்றிவரக் காலியாகப் போனது. பவுல் எழுதுகிற வெறுமை எது என்று கேட்டால் அவரே அதே வாசகத்தில் சொல்லிவிடுகிறார்: கடவுளுக்கு இணையான தம் இடத்தைக் கிறிஸ்து விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கவில்லை.

நாமோ பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே பெஞ்சில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவர்கள். பங்குப் பேரவையில், அன்பியத்தில், பாடகர் குழுவில் வராவிட்டாலும் பெயரை எடுக்க விடாதவர்கள் இருக்கிறோம். நானும் விலக்கு இல்லை. போன வருடம் அசனத்தில் எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கவனித்தவர்கள் மன்னிக்க வேண்டும். இதே பங்கில்தான் ஞாயிறு முதல் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஆட்டோவைக் காலியாக எடுத்துப் போய், நடக்க முடியாத பாட்டிகள் மூன்று பேரை ஏற்றிவருகிற ஒருவரும் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஏரிக்கரை ரோட்டில் காலி ஆட்டோவைப் பார்த்துக் கை காட்டி, அது நிற்கவில்லை என்று திட்டியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

கழுதைக்குட்டியின் கதையை மாற்கு முடிக்கவில்லை. மேலாடை விரித்தவர்களைச் சொல்கிறார், ஆர்ப்பரித்தவர்களைச் சொல்கிறார். மாலையில் இயேசு கோவிலைச் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போனதையும் எழுதுகிறார். குட்டியை யார் ஓட்டிப்போய் அந்தத் தெருவில் அதே வாசலில் கட்டினார்கள் என்பது மட்டும் இல்லை. ஆண்டவர் வாக்குக் கொடுத்திருந்ததால் யாரோ ஒரு சீடர் அந்த வேலையைப் பார்த்திருப்பார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஓலை மிதிபட்டுக் கிடந்த தெருவில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக.

ஓரத்தில் போட்டிருக்கும் நீல நாற்காலிகள் அறுபதும் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கேட்டு வாங்கியவை. பூசை முடிந்ததும் இளைஞர்கள் ஒரு பத்துப் பேர் இருந்து, துடைத்து, எண்ணி, தூக்கிக்கொண்டு போய் அடுக்கிவிட்டு வாருங்கள். பன்னிரண்டு மணிக்கு அங்கே வளைகாப்பு. நம் ஓலைத் துணுக்கு அவர்கள் பட்டுப் புடவையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது.