மறைக்கலாகாத ஈரம்



நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டியது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, அதை மோசடியென்று கண்டித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். இந்த ஹதீஸைக் கேட்டு வளர்ந்த நாம், நம் கடைகளும் வீடுகளும் நிற்கும் கரையின் ஈரத்தை மறைக்கலாமா?

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பூமி சூடேறக் கடல்நீர் விரிகிறது. நிலத்துப் பனி உருகிக் கடலில் சேர்கிறது. சிங்கப்பூரின் நிலத்தில் சுமார் 30 சதவீதம் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2100க்குள் அங்கே கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான அரசாங்க ஆய்வு சொல்கிறது.

கடல் ஒரே நாளில் ஏறிவந்து கடையை விழுங்கிவிடாது. ஆனால் கடல் ஏறி நிற்கும் வேளையில் கனமழை கொட்டினால், கால்வாய்த் தண்ணீர் வடிய வழியின்றித் தெருவுக்குத் திரும்பும். 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு, கடல் தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்து மழைநீரை விடுகிறது. கடல் ஏறியிருந்தால் இராட்சத யந்திரங்களால் இறைத்து வெளியேற்றுகிறது. கடல்மட்டம் உயர உயர, இறைக்கும் பாரமும் கூடும். பினாங்கில் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் காற்றும் கனமழையும் சேர்ந்தடித்தபோது 7 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டுப் போனார்கள்.

வெள்ளம் ஒன்றுதான், நஷ்டம் ஒன்றல்ல. ஒரே தெருவில் இரண்டு கடைகளைப் பாருங்கள். ஒருவருக்குச் சரக்கு மாடியில். தகாஃபுல் காப்பும் உண்டு. பத்து நாளில் கடை திறந்துவிடுவார். பக்கத்து நாசிக் கண்டார்க் கடைக்காரருக்கு அரிசி மூட்டையும் அடுப்பும் தரையில். அன்றாட வரும்படியே மூலதனம். வேலையாட்கள் படுப்பதும் கீழ்த்தளத்தில். அவருக்கு அந்த ஒரு இரவே போதும். ஆகவே தண்ணீர் எங்கே வரும், வந்தால் யாருக்கு அதிகம் அடிபடும், அடிபட்டவர் தாமே எழுந்திருக்க முடியுமா என்ற மூன்றையும் சேர்த்து எடை போடுவதுதான் உண்மையான கணக்கு.

தண்ணீர் ஏறியதை வெளியே சொன்னால் வாடகை குறையும், விலை படியாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். வெள்ளம் ஏறும் கடையைச் சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டுவது, அந்த ஈரத் தானியத்தை விற்பதேயன்றி வேறென்ன? எல்லாம் கத்ர் என்பார் வேறு சிலர். கத்ரை நம்புவது ஈமான். கால்வாயில் குப்பையைக் கொட்டிவிட்டு வெள்ளத்தைக் கத்ர் என்பது ஈமானல்ல. நூஹு நபி (அலை) கப்பலைக் கட்டியது வெள்ளம் வருவதற்கு முன்னால்.

எனவே சகோதரர்களே, சென்ற வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் குறித்து வைப்போம். தனித்திருக்கும் முதியோர், கீழ்த்தளத்தில் படுக்கும் வேலையாட்கள், காப்பில்லாத சிறுகடைகள் ஆகியோரின் பெயர்களை ஜமாஅத்தில் எழுதி வைப்போம். மழைக்காலத்துக்கு முன்பே சதக்காவில் ஒரு பங்கை அவர்களுக்கென ஒதுக்குவோம். நிவாரண அரிசியை வெள்ளத்துக்குப் பின் கொடுப்பது நன்மை. சரக்கை மேலே ஏற்ற முன்பே கைகொடுப்பது அதனினும் நன்மை.

நம் கரைகளையும், கரையில் வாழும் எளியோரையும் அல்லாஹ் காத்தருள்வானாக! கண்ட உண்மையை மறைக்காத வியாபாரிகளாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.